ஒரே பாசி: படகுக்குப் பாரம், மீனுக்குப் பந்தி

கவிழ்த்துப் போட்ட பழைய மரப்படகை உளியால் குத்திக்கொண்டே வந்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடந்த அடிப்பலகை கல்லாக இருக்கும். மழைத்தண்ணீர் மட்டும் பட்ட மேல்விளிம்பிலோ உளி தடையில்லாமல் இறங்கும்.

மரத்தை உளுக்கவைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதைத் தொட முடியாது. அதேபோல் காற்றில்லாமலும் அதற்குப் பிழைப்பில்லை. முழுக்க மூழ்கிய மரத்தின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்துவிடுவதால் ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை. மழைநீர் தேங்கும் மூலைகளில்தான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே படகைப் பழுதுபார்ப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது பெயின்ட்டைப் பற்றி அல்ல. தேங்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதைப் பற்றி. ஈர மரத்தின்மேல் பளபளவென்று பெயின்ட் அடிப்பது பூஞ்சையை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

ஒழுக்கு விஷயத்தில் அவசரம் கூடாது. வெயிலில் காய்ந்த மரப்படகு தண்ணீரில் இறங்கிய முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீளுவதே இல்லை, குறுக்கே உப்புகிறது. பலகைகளின் நார் படகின் நீளவாக்கில் ஓடுவதால் ஒவ்வொரு பலகையும் அகலத்தில் பெருத்து, இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்கிறது. இது தெரியாமல், காய்ந்த படகின் சந்துகளில் கலப்பத்தை (சந்தை அடைக்கும் நார்த்திரியை) இறுக்கி அடித்துவிட்டால், பலகை பெருக்க இடமில்லாமல் ஆணிகளை இழுக்கும். உள்சட்டங்களையும் விரிசல்விடச் செய்யும். கெட்டிக்காரத்தனமாகச் செய்த வேலையால் கெட்டுப்போகும் படகுகள் இப்படித்தான் உருவாகின்றன.

அலுமினியப் படகுக்கு வேறு வைத்தியம். அதைத் தாங்கிகள்மேல் ஏற்றி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே எந்த ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) சொட்டுகிறதோ அதைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். மிதக்கும்போது வெளியிலிருந்து தாங்கும் தண்ணீர் கரையில் இல்லை. ஃபைபர் படகைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே போதும். கணீரென்று ஒலித்தால் நலம், மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம் அல்லது அடுக்குகளுக்கு நடுவே வைத்த மரம் நனைந்திருக்கலாம்.

அடுத்தது பாசி. எந்தப் பரப்பையும் தண்ணீரில் வைத்த சில நிமிடங்களில் கரிமப் பொருள்களின் மெல்லிய படலம் அதில் படிகிறது. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு பிசினைச் சுரக்கின்றன. அந்தப் பிசினில் நுண்பாசிகள், பிறகு இழைப்பாசிகள், அவற்றை மேயப் பூச்சிகளின் இளம்புழுக்கள் என்று குடியேற்றம் தொடர்கிறது. படகோட்டிக்கு இது தலைவலி. வழுவழுப்பாக இருந்த அடிப்புறம் சொரசொரப்பாகி, உராயும் தண்ணீரைக் கலக்கி, கூடவே இழுத்துச் செல்லத் தொடங்கும், எரிபொருள் வீணாகும். செம்பு கலந்த பெயின்ட் இந்தக் குடியேற்றத்தைத் தடுக்கும். அலுமினியப் படகில் மட்டும் அதைப் பூசக் கூடாது. செம்பும் அலுமினியமும் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு மின்கலம்போலாகி அலுமினியம் அரிக்கப்படும்.

அதே குடியேற்றத்தை வேண்டுமென்றே வரவழைக்கும் வேலைதான், மீன்கள் வந்து தங்குவதற்கு மீன்கூடு கட்டுவது. வெறும் சேற்றுத்தரையில் மரக்கிளைகளை ஒரு கட்டாகக் கட்டி இறக்கினால், பாசி ஒட்டும் பரப்பு பலமடங்காகிறது. பாசியைப் புழு தேடிவரும், புழுவைக் குஞ்சுமீன் தேடிவரும், குஞ்சைப் பெரிய மீன் தேடிவரும். ஆனால் பாசி வளரும்வரை காத்திராமலேயே சில மீன்கள் வந்துவிடும். அதற்கு நிழல் ஒரு காரணம். நிழலில் நிற்கும் மீனுக்கு வெளிச்சத்தில் நீந்துவது நன்றாகத் தெரியும், வெளிச்சத்தில் இருப்பதற்கு நிழலில் நிற்பது எளிதில் தெரியாது. மீன் ஆய்வாளர் ஜீன் ஹெல்ஃப்மன் 1981இல் இதை விளக்கி எழுதினார். இருட்டறையில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பவரின் வசதி அது.

கிளைகளை எவ்வளவு நெருக்கமாகக் கட்டுவது? புளூகில் என்ற நன்னீர் மீனை வைத்து 1982இல் குரோடரும் கூப்பரும் வெளியிட்ட ஆய்வின்படி, நடுத்தர அடர்த்தியில்தான் மீன்கள் நன்றாக வளர்ந்தன. மிக அடர்ந்தால் இரையைப் பிடிக்க முடியாது, மிக விரிந்தால் இரை தீர்ந்துபோகும். ஒரே கட்டில் நெருக்கமான சிறுகிளையும் அகன்ற கவட்டையும் கலந்திருப்பது என் விருப்பம்.

இனி எடைக்கணக்கு. 20 லிட்டர் கன அளவுள்ள கிளைக்கட்டின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூழ்கினால் அது 20 கிலோ தண்ணீரை விலக்கும். ஆகவே 8 கிலோ விசையோடு மேலே எழப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்க 8 கிலோ கான்கிரீட் போதாது. கான்கிரீட்டும் தண்ணீரில் எடை இழக்கிறது. 10 கிலோ கல் உள்ளே ஏறக்குறைய 6 கிலோவாகத்தான் இருக்கும். ஆக 14 கிலோ வேண்டும், அலைக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாயில் செய்பவர்கள் காற்று வெளியேறத் துளையிட வேண்டும். வழுவழுப்பான பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் பாசிக்குப் பிடிமானம் கிடைக்கும். பழைய டயரை மட்டும் நினைக்கவே வேண்டாம். 1970களில் ஃபுளோரிடா கடற்கரையை ஒட்டி ஆஸ்போர்ன் ரீஃப் என்ற பெயரில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கடலில் இறக்கினார்கள். கட்டு அறுந்து அலைந்த டயர்கள் அருகிலிருந்த உண்மையான பவளத்தையே நாசமாக்கின.

ஆழத்திலும் கவனம் வேண்டும். கோடையில் ஆழமான ஏரியின் அடித்தண்ணீர் குளிர்ந்து, மேல்தண்ணீரோடு கலக்காமல், ஆக்சிஜன் தீர்ந்து கிடக்கும். அங்கே மாளிகையே கட்டினாலும் குடியிருக்க யாரும் வரமாட்டார்கள். கூடுகள் மீனைப் பெருக்குகின்றனவா, சிதறிக்கிடந்ததை ஒரே இடத்தில் கூட்டித் தூண்டிலுக்கு எளிதாக்குகின்றனவா என்ற வாதமும் 1980களிலிருந்து நடக்கிறது. குஞ்சு ஒளிய இடமில்லாத நீர்நிலையில் முதலாவது நடக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நீர்நிலைக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி இல்லாமல் எதையும் இறக்காதீர்கள்.

இறக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். படகின் நடுத்தரையில் கிடக்கும் கல் படகை நிலையாக்கும். அதையே பக்கவாட்டு விளிம்பில் கயிற்றால் தொங்கவிட்டால், கல் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அங்கே அதற்கு மிஞ்சும் எடை முழுவதும் கயிறு தொடும் விளிம்பில் உட்கார்ந்திருப்பதுபோலவே இழுக்கும். உள்ளே கொஞ்சம் ஒழுகிய தண்ணீர் இருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். அணியத்தின் (படகின் முன்முனையின்) வழியாக, மெதுவாக, மிதவைச் சட்டை அணிந்து இறக்குங்கள்.

சில வாரம் கழித்துப் போய் அடையாள மிதவையின் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். விரல் வழுக்கினால் கூட்டில் குடியேற்றம் தொடங்கிவிட்டது. அங்கேயே குனிந்து படகின் அடியையும் தடவிப் பாருங்கள், அங்கேயும் வழுக்கும்.