பெரிய ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

மார்ச் பிறந்தால் போதும், ஒன்றரை டன் ஏசியை இரண்டு டன்னாக மாற்றலாமா என்று கடைசி மாடிக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குமுன் மொட்டை மாடியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சுவர்களைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. வாங்கிய சூட்டைக் கான்கிரீட் நாலைந்து மணி நேரம் கழித்தே உள்ளே இறக்கும். கடற்காற்றில் தெரு குளிர்ந்த பிறகும் இரவு ஒன்பது மணிக்கு ஃபேன் அனலை இறைப்பது இதனால்தான்.

150 மி.மீ. கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3.3 வாட் வெப்பம் கடக்கும். இதுதான் யூ-மதிப்பு. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது நல்ல வேலைதான். ஆனால் மூன்று அங்குலம் போட்டாலும் இரண்டுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) சேர்த்தால் 0.5 வரை வரும். வரிசை முக்கியம்: தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃபிங், அதன் மேல் பலகை, பிறகு ஜியோ துணி (தண்ணீரை வடியவிடும் செயற்கை இழைத் துணி), வாட்டத்தோடு கலவை, ஓடு. பார்சலில் வரும் தெர்மாகோலைச் சிக்கனத்துக்காகப் போட்டால் தண்ணீர் குடித்து நசுங்கும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. தளம் எப்போதும்போல் வெயிலில் விரிந்து சுருங்கும், கைப்பிடிச் சுவர் ஓரம் விரிசல் விடும். கசிவும் கண்ணுக்குத் தெரியாது.

பழைய கட்டடத்துக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் போதும். பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, விரிசல்களைப் பாலிமர் கலவையால் அடைத்து, நன்றாகக் காயவிட்டு ப்ரைமர், பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். பிப்ரவரி, மார்ச் சரியான பருவம். உச்சி வெயிலில் அடித்தால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் சிக்கிக் கொப்புளம் வரும். உரிவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில்தான். வாட்டத்தைச் சரிசெய்யாமல் பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. புழுதி படிந்தால் பிரதிபலிப்பு குறையும், கோடைக்கு முன் கழுவுங்கள். வெள்ளை கூலிங் டைல்ஸ் என்றால் 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். நெருக்கிப் பதித்தால் மே மாதம் தூக்கிக்கொள்ளும்.

கையில் காசு குறைவென்றால் சுண்ணாம்பும் ஃபெவிகாலும் கலந்து அடிக்கலாம். ஒரு கோடை தாங்கும். மழைநீர் சேகரிப்புக் குழாய் கிணற்றுக்குப் போகிறதென்றால், முதல் மழையின் சுண்ணாம்புத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை தாமதமான வைத்தியம். கண்ணாடியைக் கடந்த வெயில் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மாலை வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடும் உதவாது. வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவது மதுரைக்குச் சரி, இங்கே புழுக்கம்தான் கூடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஏசியை 24-இல் வைத்து ஃபேனையும் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. அப்போதும் அறை குளிரவில்லை என்றால் இரண்டு டன் பற்றிப் பேசலாம்.