எச்-சுட்டெண்

மருத்துவ மேற்படிப்பில் இருக்கும் என் பெறாமகள் போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, எச்-இன்டெக்ஸைத் தமிழில எப்பிடி எழுதிறது?" ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்கும் எண் அது. ஏதோ மலர் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறாளாம். சுட்டெண் என்று எழுது என்றேன். "அது சோதனை நம்பர் மாதிரிக் கிடக்கே" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். யாழ்ப்பாணத்தில் சுட்டெண் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் அனுமதி அட்டையில் இருக்கும் எண். பத்திரிகை வாசிப்பவருக்குக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், கிளினிக் போய் வருபவருக்கு உடற்திணிவுச் சுட்டெண். பிந்திய இரண்டுக்கும் தமிழ்நாட்டில் குறியீட்டெண் என்பார்கள். எனக்குச் சுட்டெண்ணே பிடிக்கும், ஊர்ப்பற்றால் மட்டுமல்ல. இன்டெக்ஸ் இலத்தீன் சொல். காட்டித் தருவது என்று பொருள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கும் அந்த மொழியில் அதுவே பெயர். நாமும் அதைச் சுட்டுவிரல் என்கிறோம். அ, இ, உ என்ற சுட்டெழுத்துகள் செய்வதும் இதே வேலைதான். குறியீடு என்ற சொல்லில் அடையாளம் இருக்கிறது. விரல் நீட்டுவது இல்லை.

அடுத்தது அந்த எச். ஆர்ஜென்டீனாவில் பிறந்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றிய பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. அவர் பெயரின் முதலெழுத்தாகவே பலரும் எச்சை எடுத்துக்கொள்கிறார்கள். (ஹிர்ஷ் என்றால் ஜேர்மன் மொழியில் கலைமான். மான் சுட்டெண் என்று எழுத ஒரு கணம் ஆசை வந்தது.)

கணக்கு எளிது. ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை, பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். 9, 6, 3, 1, 0 என்று வருகிறது என்போம். குறைந்தது மூன்று தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் மூன்று இருக்கின்றன. நான்கு தடவை என்று கேட்டால் நான்கு கட்டுரை தேறாது. ஆகவே எச்-சுட்டெண் 3. ஒரேயொரு கட்டுரை எழுதி அதை 200 பேர் மேற்கோள் காட்டினாலும் சுட்டெண் 1தான்.

எழுதும்போது நடுவில் உள்ள சிறுகோட்டை விடக் கூடாது. சேர்த்து எச்சுட்டெண் என்று எழுதினால் எச்சொல், எச்செயல் என்பதுபோல "எந்தச் சுட்டெண்?" என்ற கேள்வியாகிவிடும். அதுவும் கேட்கவேண்டிய கேள்விதான்! மேற்கோள்களை எண்ணிக் காட்டும் தளங்களில் கூகுள் ஸ்கொலர் காட்டும் எண் ஒன்று, ஸ்கோபஸ் காட்டும் எண் வேறொன்று. முன்னது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். குழப்பமே வேண்டாம் என்றால் முதல் தடவை ஹிர்ஷ் சுட்டெண் என்று எழுதிவிட்டு, அப்புறம் எச்-சுட்டெண் என்று தொடரலாம்.

நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களை இந்த எண்ணால் அளக்கும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. இங்குதான் எனக்கு இடிக்கிறது. கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டி இந்தச் சுட்டெண் போகாது. பயிற்சியோ சில ஆண்டுகள். வார்ட் வேலைக்கும் இரவுக் கடமைக்கும் நடுவில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுத்து, தரவு சேர்த்து, எழுதி, மதிப்பாய்வு தாண்டி, அச்சில் வந்து, பிறகு எங்கேயோ ஒருவர் அதை வாசித்து மேற்கோள் காட்ட வேண்டும். அதற்குள் பயிற்சி முடிந்துவிடும். எந்த நோயைப் பற்றி எழுதினார் என்பதும் எண்ணை மாற்றும். சுருட்டை விரியன் கடித்த ஒருவரைப் பற்றிய குறிப்பு பருத்தித்துறை மருத்துவருக்கு உடனே உதவும். பாம்பே இல்லாத அயர்லாந்தில் அதை யார் மேற்கோள் காட்டப்போகிறார்கள்?

எச்-சுட்டெண்ணை ஆய்வு உற்பத்தித்திறன் என்று சிலர் சொல்வதும் சரியில்லை. தொழிற்சாலை வாடை அடிக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. உற்பத்தித்திறன் ஒரு விகிதம். இட்டதற்கு எவ்வளவு விளைந்தது என்று பார்ப்பது. எச்-சுட்டெண்ணுக்குள் காலமும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒருமுறை ஏறினால் இறங்காது, எழுதியவர் ஓய்வுபெற்ற பிறகும் ஏறலாம். முதல் கட்டுரை வெளியானதிலிருந்து கழிந்த ஆண்டுகளால் அதை வகுத்துப் பார்க்கும் வழியை ஹிர்ஷே சொல்லியிருந்தார். 20 ஆண்டில் 20 எடுத்தவர் நன்றாகச் செய்திருக்கிறார் என்பது அவர் கணிப்பு. அவர் மனதில் இருந்தவர்கள் பௌதிகவியலாளர்கள். பயிற்சி மருத்துவருக்கு இந்த வகுத்தல் சிரிப்பாகத்தான் முடியும்: சுட்டெண் 1 என்றால் ஓராண்டில் 1, அடுத்த ஆண்டு அதுவே 0.5. ஆள் அதே ஆள்.

கடைசியில் பெறாமகளின் கணக்கையும் பார்த்தோம். கட்டுரைகள் இரண்டு. ஒன்றை மூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், மற்றதை ஒருவரும் தொடவில்லை. ஆக, ஒன்று.

"என்ர சோதனை நம்பரே பெரிசு, சித்தப்பா" என்றாள்.