வந்து மறையும் சறுக்கல் விளக்கு: அழிக்காமல் கொண்டு வாருங்கள்

கடந்த மாரியில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் தமது ரொயோற்றா காரைக் கிளிநொச்சியிலுள்ள எங்கள் கராச்சுக்குக் கொண்டு வந்தார். மீற்றர்ப் பலகையில் சறுக்கும் கார் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு ஐந்து மாதங்களாக வருவதும் மறைவதுமாக இருந்திருக்கிறது. அதற்குள் வேறு இரண்டு இடங்களில் மூன்று முறை, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரால், அதில் பதிந்திருந்த பழுதுக் குறியீட்டை, அதாவது 'கோட்டை' (code), அழித்திருக்கிறார்கள். நான்காவது முறை பின் இடது சில்லைத் தாங்கும் ஹப்பையே, சில்லின் வேகத்தை அளக்கும் சென்சரோடு மாற்றிப் பெருந்தொகையும் வாங்கியிருக்கிறார்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்தபோது, "அது சும்மா எரியும், நீங்கள் ஓடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். மழை நாளொன்றில் மாங்குளம் வீதியில் குறுக்கே வந்த மாட்டுக்காக அவர் பிரேக்கை அழுத்த, கார் பக்கவாட்டில் இழுபட்டு வயலோரம் இறங்கியது. பின் ஆசனத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். நல்ல காலம், ஒருவருக்கும் காயமில்லை. அந்த விளக்குக்குரிய நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது கார் சறுக்கி இழுபடாமல் பிடிக்கும் ஏற்பாடு, வேலை செய்திருந்தால் கார் வீதியிலேயே நின்றிருக்கும் என்று நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று அவரே சொன்னார்.

கோட்டை அழிப்பது திருத்தமாகாது. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லிவிட்டேன்! காரின் கணினி ஒரு பழுதைக் காணும்போது, எந்த மின்சுற்றில் கண்டது என்பதைக் கோட்டாகப் பதிகிறது; பல கார்களில் அந்த நேரத்து வேகம், ஸ்ரியறிங் திரும்பியிருந்த கோணம் போன்றவற்றையும் சேர்த்தே பதிகிறது. அறுந்த வயரின் முனைகள் மறுபடி தொட்டுக்கொண்டால் விளக்கு அணையும், பதிவு மட்டும் உள்ளே இருக்கும். வந்து மறையும் பழுதைத் தேடும் எங்களுக்கு அந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை அழித்துவிட்டுச் "சரி" என்று சொல்வது, நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டு நோய் மாறிவிட்டது என்பதற்குச் சமம். பற்றறி வயரைக் கழற்றிப் பூட்டி விளக்கை அணைக்கப் பார்ப்பதும் இதே தவறுதான். சில கார்களில் அதனால் ஸ்ரியறிங்கின் நடுநிலையும் மறந்துபோய், இல்லாத பழுதொன்று புதிதாக வந்து சேர்கிறது.

அடுத்த தவறு, கோட்டில் எந்தச் சில்லின் பெயர் வருகிறதோ அந்தச் சில்லின் சென்சரை உடனே மாற்றுவது. அந்தக் காரில் வந்த சீ 0215 என்பது பின் இடது சில்லின் வேகத்தை அளக்கும் மின்சுற்றைக் குறிக்கும். சென்சர், அதிலிருந்து போகும் வயர், இடையிலுள்ள கனெக்ரர், பெயறிங்கோடு சுழலும் காந்த வளையம் ஆகிய எல்லாமே அந்தச் சுற்றுக்குள் அடங்கும். நான் ஆசிரியரிடம் முதலில் கேட்டது, விளக்கு எப்போது எரிகிறது என்பதைத்தான். அவர் யோசித்து, தனியாகப் போகும்போது எரிவதில்லை, குடும்பத்தோடு போகும்போது எரிகிறது என்றார். முன்பு பார்த்தவர்கள் தனியாக ஓட்டிப் பார்த்ததால் அவர்களுக்கு அது தென்படவே இல்லை. இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நான்கு சில்லுகளின் வேகத்தையும் ஸ்கானர்த் திரையில் பார்த்தபடி கிரவல் வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சில்லு மட்டும் பூச்சியத்துக்கு விழுந்து எழும்பியது. பாரத்தில் பின்பக்கம் தாழும்போது சென்சர் வயர் மடியும் இடத்தில், வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. அந்தக் காரில் சென்சர் வேறு, வயர் வேறு. மாற்ற வேண்டியிருந்தது வயரை மட்டுமே.

இங்குள்ள வாகனங்கள் வயதானவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. அதற்குள் வயர் உறைகள் வெயிலில் இறுகிவிட்டன. நெல் மூடைக்கு அருகில் நிறுத்தும் கார்களில் எலி கடித்த வயரையும், வீதியில் காயும் வைக்கோல் சில்லில் சுற்றி இழுத்த வயரையும் நான் கண்டிருக்கிறேன். காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால் முதலில் பற்றறியை அளக்கச் சொல்லுங்கள், ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டியது 12க்குக் கீழே இறங்கியிருந்தால் சென்சரைத் தேடுவது வீண். இரண்டு சில்லுக்கு வேறு அளவு ரயர் போட்டிருந்தாலும் விளக்கு வரும். என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பழுது என்ஜின் பக்கமாகவே இருக்கலாம். பல கார்களில் என்ஜின் பழுதின்போது நிலைப்புக் கட்டுப்பாடு தானாகவே விலகிவிடும்.

சறுக்கும்போது அந்த விளக்கு மினுங்கினால் அது வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம். மினுங்காமல் நிலையாக எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் இருக்கும், ஆனால் பிரேக் அழுத்தும்போது சில்லுகள் இறுகி நிற்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து விலகியிருக்கலாம். வேகத்தைக் குறையுங்கள், முன்வாகனத்திலிருந்து விலகி ஓடுங்கள், மழையில் தூரப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலிவான ஸ்கானர்கள் பல என்ஜின் கோட்டை மட்டுமே வாசிக்கும். அது "பழுதில்லை" என்று காட்டுவதை நம்பாதீர்கள்.

தயவுசெய்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள்: எந்த வேகம், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், மழையா வெயிலா, காரில் எத்தனை பேர். சென்சர் மாற்ற வேண்டும் என்று எவர் சொன்னாலும், நாங்கள் சொன்னாலும் சரி, அந்தச் சில்லின் வேகம் ஓட்டத்தில் விழுவதைத் திரையில் காட்டும்படி கேளுங்கள். வயரையும் கனெக்ரரையும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு காசை எடுங்கள்.