பழைய காருக்குப் பெரிய எஞ்சின்: ஆர்.சி.யில் ஏறுமா?

கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய எஞ்சினைப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றி, அதை ஆர்.சி.யில் பதிந்து, முறையாக ரோட்டில் ஓட்ட இன்றைய சட்டத்தில் வழி இல்லை. “ஆபீஸ்ல ஆள் இருக்கு, சி.சி.யை மாத்தி வாங்கித் தர்றேன்” என்று முன்பணம் கேட்கும் புரோக்கரிடம் கொடுத்த பணம் போனதுதான். வழி இருப்பது ஒன்றுக்கு மட்டும்: கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின். அதிலும் முதலில் காகிதம், பிறகுதான் ஸ்பேனர். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் என்று எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் நல்ல வண்டிகளை விசாரித்தால், பெரும்பாலும் இந்த வரிசை மாறிய கதைதான் வரும்.

சட்டம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதே வகை என்றால் எது? இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். மாருதி ஜென்னின் 993 சி.சி. எஞ்சினும் எஸ்டீமின் 1298 சி.சி. எஞ்சினும் சுசூகியின் ஒரே குடும்பம். மெக்கானிக் “அப்படியே உட்காரும்” என்பார். உட்காரும்தான். ஆனால் ஆர்.சி.யில் 993 என்று இருக்கும்வரை அது முரண்பட்ட வண்டி. சி.சி. ஒன்றாக இருந்தாலும் போதாது. பழைய கார்புரேட்டர் எஸ்டீமும் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் பீய்ச்சும்) எஸ்டீமும் இரண்டுமே 1298 சி.சி.; குதிரைத்திறன் வேறு, மாசு அளவு வேறு, அங்கீகாரம் வேறு. கார்புரேட்டர் வண்டிக்குள் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை வைத்துவிட்டு “அதே எஸ்டீம்தானே சார்” என்றால் எடுபடாது.

கான்டஸா வைத்திருப்பவர்களுக்கு வேறொரு மயக்கம். முதலில் வந்தது 1489 சி.சி.; பிறகு கம்பெனியே இசுசூ 1817 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் போட்டு விற்றது. அதனால் என் பழைய கான்டஸாவுக்கும் 1.8 பொருந்தும் என்று நினைப்பது இயல்பு. கம்பெனி விற்றது தனி வேரியன்ட், தனி அங்கீகாரம். உங்கள் சேசிஸ் நம்பர் எந்த வேரியன்ட்டில் பிறந்ததோ அதுதான் கணக்கு. கோவாவில் தயாரான இரண்டு சீட் சான் ஸ்டார்ம் இன்னும் பாவம்: ரெனோ எஞ்சினுக்குப் பாகம் தேடுவதே பெரும்பாடு என்பதால் ஸ்விஃப்ட் எஞ்சினை வைக்கச் சொல்வார்கள். பாகம் கிடைக்கவில்லை என்பது நியாயமான காரணம். சட்டத்தில் அந்த நியாயத்துக்கு இடம் வைக்கவில்லை.

அடுத்த பொறி, 14 நாள். மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 52(3) சொல்கிறது. இதைக் காட்டி, “முதல்ல மாத்திடுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்” என்பார்கள். 14 நாள் என்பது தெரிவிக்க வேண்டிய கடமை, தவறுக்கு மன்னிப்பு அல்ல. முன் அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றிக்கொள்ளும் சலுகை, மாநில அரசு அதற்கென அனுமதித்த, குறைந்தது பத்து டிரான்ஸ்போர்ட் வாகனம் (லாரி, பஸ், டாக்ஸி போன்றவை) வைத்திருப்பவருக்குத்தான். அவரும் அதே கம்பெனி, அதே வகைதான் போட முடியும். ஒரே ஒரு சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்குவதுதான் நடைமுறையில் பெரிய கண்ணி. சென்னை புதுப்பேட்டையில் எஞ்சின் கிடைக்கும், விலையும் படியும். ஆனால் அந்த எஞ்சின் நம்பர் இன்னொரு வண்டியின் பெயரில் ‘வாகன்’ என்ற அரசின் கணினிப் பதிவில் உயிரோடு இருக்கும். உங்கள் விண்ணப்பத்தில் அதே நம்பரைக் கொடுத்தால் அங்கேயே சிக்கும். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் விஷயம் ஆர்.டி.ஓ. ஆபீஸோடு நிற்காது, ஸ்டேஷனுக்குப் போகும். வாங்கும்போதே கேட்க வேண்டியவை: எஞ்சின் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில், அந்த எஞ்சின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கான ஆதாரம் அல்லது பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தின் சான்று. “பில்லு போட்டா இருபது பர்சென்ட் ஏறும்” என்கிற கடையில் வாங்காதீர்கள். பில்லில் வெறுமனே ‘பழைய எஞ்சின் 1’ என்று எழுதியிருந்தால் அது பில்லே இல்லை. நம்பரைத் தேய்த்துவிட்டுப் பழைய நம்பரைப் பஞ்ச் பண்ணித் தருகிறேன் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது அபராதத்தோடு முடிகிற தவறு இல்லை, கிரிமினல் கேஸ்.

பொல்யூஷன் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது, ஆகவே எஞ்சின் ஓகே என்றும் நம்புகிறார்கள். பாரத் ஸ்டேஜ் வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை விடுவார்கள். நல்ல எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் இதில் சிரமமில்லாமல் பாஸாகும். அந்த மையம் சைலன்ஸரில் குழாயை விடுகிறது, போனட்டைத் திறப்பதில்லை. புகை பாஸானதற்கும் எஞ்சினுக்கு அனுமதி கிடைத்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்சூரன்ஸ் அதைவிட மோசம். பிரீமியத்தை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். விபத்து நடந்து சர்வேயர் வந்து எஞ்சின் நம்பரைப் பார்க்கும் அன்றுதான் ஓன் டேமேஜ் கிளெய்ம் (உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகை) நின்றுபோகும். எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால், கம்பெனி அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க அனுமதி கேட்கும். ஐயாயிரம் ரூபாய் அபராதத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்தத் தொகையை நினைப்பதில்லை.

இனி, அதே வகை எஞ்சின் மாற்றுபவர் அலுவலகத்தில் படும் பாடு.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் விண்ணப்பம். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், பொல்யூஷன், முகவரிச் சான்று, எஞ்சின் பில், பழைய எஞ்சின் ஏன் மாறுகிறது என்று ஒர்க்ஷாப் கொடுத்த கடிதம், இரண்டு எஞ்சின் நம்பருக்கும் சேசிஸ் நம்பருக்கும் பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்தது). பழைய எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே அதன் பிரிண்டை எடுத்துவிடுங்கள். இறக்கியபின் அது எந்த வண்டியில் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆர்.சி.யில் இருபது வருடத்துக்கு முந்தைய கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் கட்டி முடித்திருப்பீர்கள், ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவை ரத்து செய்திருக்க மாட்டீர்கள். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் ஃபைல் நகராது. கம்பெனி மூடியிருந்தால் அதற்கே மாதங்கள் போகும். எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை முடியுங்கள்.

எந்த ஆபீஸ் என்பதில் ஒரு இழுபறி. நம்பர் டி.என்.23, வீடு வாலாஜாவில். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இது சாதாரணம். ‘பதிவு செய்த இடத்துக்குப் போங்க’ என்று ஒரு கவுன்ட்டர், ‘இப்ப குடியிருக்கிற இடத்துக்குப் போங்க’ என்று இன்னொரு கவுன்ட்டர். 52(3) தெளிவாகவே இருக்கிறது: உரிமையாளர் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட அலுவலகம். அங்கே பதிந்த மாற்றத்தை முதலில் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பது, 52(4)-இன்படி, அலுவலகத்தின் வேலை. உங்கள் வேலை இல்லை. இந்த இரண்டு உட்பிரிவுகளையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். வாய்வழியாகச் சட்டம் பேசினால் கோபம்தான் வரும். தாளில் இருந்தால் பதில் எழுத வேண்டியிருக்கும்.

மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிவு 52-இன் கீழ் வரும் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய பிரிவு 57 உரிமை தருகிறது. ஆனால் உத்தரவு என்று ஒரு தாள் இருந்தால்தானே மேல்முறையீடு? “அதெல்லாம் ஆகாது, போங்க” என்பது உத்தரவு அல்ல. தாள் தராவிட்டால் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இதன் நிலை என்ன, எந்த விதியின்படி நிறுத்தப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம்தான், ஆனால் அந்த மனு சுற்றிக்கொண்டு அதே மேஜைக்கே வரும்.

அனுமதி கையில் வந்தபின் எஞ்சினை மாற்றி, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது எஞ்சின் பிளாக்கை டீசல் போட்டுத் துடைத்து நம்பர் தெரியும்படி வையுங்கள். நம்பர் கிரீஸுக்குள் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

ஏற்கெனவே பெரிய எஞ்சின் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஒரிஜினல் பிளாக்கை இரும்புக் கடையில் எடை போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 போட்டு ஆர்.சி. புதுப்பிக்கும்போது போனட் திறக்கப்படும். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டியிருந்தால் 10,000. கட்டணம் கட்டியபின் நம்பர் பொருந்தவில்லை என்று வண்டி நின்றால், திரும்பி வர இருக்கும் ஒரே வழி அந்தப் பழைய பிளாக்தான். அதோடு அதன் மவுன்ட், கியர்பாக்ஸ், வயரிங், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் இருக்க வேண்டும். மவுன்ட் உட்கார வேண்டும் என்பதற்காக சேசிஸில் வெட்டி வெல்டிங் வைத்திருந்தால் பழையது திரும்ப நேராக உட்காராது, இன்ஸ்பெக்டர் கண்ணிலும் முதலில் படுவது அந்த வெல்டிங்தான். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்கு எரிபொருள் லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும்; கார்புரேட்டர் லைனில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பழைய ரப்பர் ஹோஸிலேயே அந்தப் பம்ப்பை இணைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலூர் வெயிலில், மூடிய போனட்டுக்குள், அந்த ஹோஸ் கிளிப்பில் கசிந்தால் தீதான். ஆர்.சி. எப்படியிருந்தாலும் இதை இன்றே மாற்றுங்கள்.

இருக்கும் எஞ்சினையே தேற்றிக்கொள்ள நினைத்தால் ரீபோர் (சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைவது) இருக்கிறது. 74 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டர் விட்டம்) 75.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள எஸ்டீம் எஞ்சினுக்கு அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 1298 என்பது 1316 சி.சி. ஆகும். பிளாக்கும் நம்பரும் அதேதான், ஓவர்ஹாலாகவே பார்க்கப்படும். பெரிய வேகம் எதிர்பார்க்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பெட்ரோல் எஞ்சினையே எடுத்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட கன்வர்ஷன் கிட் மூலம் பேட்டரி வண்டியாக மாற்ற பிரிவு 52 வழி தருகிறது. 300 சி.சி. கூட்டத்தான் தருவதில்லை.

ரேஸுக்கு மட்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டை டிராக் வேலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு, கேரியர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டு போனால் பதிவில்லாத வண்டி. ஐம்பது வருடம் தாண்டிய காரை வின்டேஜ் பதிவில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் எஞ்சினில் கை வைக்கவே வேண்டாம். 2021 விதி வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சின் மாறியிருந்தால் 20,000 ரூபாய் கட்டணம் கட்டியும் பயன் இருக்காது.

பெங்களூரிலிருந்து கே.ஏ. நம்பரில் மலிவாக வரும் பழைய கார்களில் எஞ்சின் மாறியவை கலந்திருக்கும். அங்கே கொடுக்கும் தடையில்லாச் சான்றில் ஆர்.சி.யில் இருக்கும் நம்பர்தான் வரும். வண்டியில் இருப்பது வராது. இங்கே டி.என். நம்பருக்கு வண்டியைக் காட்டும்போதுதான் வேறுபாடு தெரியும், அதற்குள் விற்றவர் போனை எடுக்க மாட்டார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் டார்ச் லைட்டும் ஒரு துணியும் எடுத்துப்போய், ஒரிஜினல் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து, பிளாக்கில் உள்ள நம்பரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். போட்டோவில் அனுப்பிய ஆர்.சி. போதாது. நம்பர் இருக்கும் இடம் தேய்ந்தோ பெயின்ட் அடித்தோ இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.