லிமாவிலிருந்து லா பாஸ்: பறக்கும் நேரமும் ஏறும் உயரமும்

தென் அமெரிக்கப் பயணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனை கேட்டு வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், விமானச் சீட்டை என் மேசைமேல் விரித்து வைத்து, பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து பொலிவியாவின் லா பாஸுக்குப் போக மூன்று மணி நேரமும் திரும்பி வர ஒரு மணி நேரமும் ஆவதாகக் கணக்கு வருகிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டார். பிழையில்லை. இரு ஊர்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 1,080 கிலோமீட்டர். எந்தத் திசையில் பறந்தாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சீட்டில் அந்தந்த ஊர் நேரமே குறிக்கப்படுவதாலும், பொலிவியக் கடிகாரம் பெருவைவிட ஒரு மணி நேரம் முந்தியிருப்பதாலும் இந்தக் குழப்பம்.

எனக்குக் கவலை தந்தது சீட்டில் அச்சிடப்படாத கணக்கு. லிமா விமான நிலையம் கடலோரத்தில் இருக்கிறது. லா பாஸுக்கான எல் ஆல்ட்டோ விமான நிலையமோ கடல் மட்டத்திலிருந்து 4,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "ஊட்டிக்குப் பலமுறை போயிருக்கிறேன், டாக்டர், ஒன்றும் செய்யாது" என்றார் அவர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றதும் மௌனமானார்.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் வழக்கமாகச் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அளவுக்குக் கீழே போகாதபடி காக்கப்படுகிறது. பெரும்பாலான ஊர்களில் விமானம் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் கூடும். எல் ஆல்ட்டோ போன்ற மிக உயரமான நிலையங்களில் இறங்கும்போதோ, வெளிக்காற்றுக்கு ஈடாக்குவதற்காக அது மேலும் குறைக்கப்படும். கையிலுள்ள சிப்ஸ் பொட்டலம் தரையைத் தொடும் நேரத்தில் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதமாகிவிடுகிறது.

இறங்கியவுடன் பலருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றும் அம்சம். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே, அதாவது முதல் இரவில்தான் தலைகாட்டும். அன்று மதுவும் தூக்க மாத்திரையும் அறவே கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரையை முந்தைய நாளே தொடங்கினால் உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறோ சல்பா மருந்து ஒவ்வாமையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ நுரையீரலில் அல்லது மூளையில் நீர் கோத்திருக்கலாம். ஆக்சிஜன் கொடுத்து, உடனடியாகத் தாழ்வான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். லா பாஸிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பில் உள்ள சாண்டா குரூஸ் சுமார் 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

நிதானமாக ஏறுவதே நல்ல தடுப்பு. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆகவே அந்த ஆசிரியரின் திட்டத்தைச் சேர்ந்து மாற்றினோம்: லிமாவிலிருந்து குஸ்கோவுக்குப் பறந்து, அங்கே தங்காமல் காரில் 2,870 மீட்டர் உயரமுள்ள உருபாம்பாவுக்கு இறங்கி மூன்று இரவுகள், பிறகு 3,400 மீட்டரிலுள்ள குஸ்கோவில் இரண்டு இரவுகள், அதன் பின்னரே லா பாஸ், அதுவும் எல் ஆல்ட்டோவில் தங்காமல் நேராக நகரின் தாழ்வான தென்பகுதியில். பயணம் ஐந்து நாள் நீண்டது. பழைய சீட்டை ரத்து செய்ததில் கொஞ்சம் பணமும் போயிற்று. லா பாஸில் முதல் இரவு நன்றாகத் தூங்கியதாக மறுநாள் காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது.