எடை குறைப்பவர் கொத்து ரொட்டி சாப்பிடலாமா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் திருகோணமலையில் முதலில் கைவிடுவது கொத்து ரொட்டியைத்தான். அடுத்து ரோல்ஸ், பற்றீஸ், பொரித்த கோழி, மாலையில் கடற்கரையில் விற்கும் இறால் வடை. இரண்டு மூன்று வாரங்கள் கட்டுப்பாடு நிலைக்கும். பிறகு ஒருநாள், வேலை முடிந்து களைத்து வரும்போது, ஒரு பார்சல் வீட்டுக்கு வந்துவிடும். ‘எல்லாம் கெட்டுப்போயிற்று, இனி என்ன’ என்ற எண்ணத்தில் மறுநாளிலிருந்து பழைய சாப்பாடே தொடரும். அவருக்கு மனவுறுதி போதாது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பழி அநியாயமானது. அவர் கையில் கொடுக்கப்பட்ட கணக்கே பிழை.

உணவு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று உடல் பார்ப்பதில்லை. ஒரு கிராம் மாப்பொருளிலிருந்து ஏறத்தாழ 4 கலோரி கிடைக்கிறது, ஒரு கிராம் புரதத்திலிருந்தும் 4, ஒரு கிராம் கொழுப்பிலிருந்து 9. (பொதிகளில் கிலோகலோரி என்று அச்சிடப்படுவதையே இங்கே கலோரி என்கிறேன்.) செலவைவிட வரவு கூடினால் மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. வரவு குறைந்தால் அந்தச் சேமிப்பு கரைகிறது. இதை மிக வெளிப்படையாகக் காட்டியவர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போசணை கற்பித்த பேராசிரியர் மார்க் ஹோப். 2010இல் அவர் பத்து வாரங்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் கேக், பிஸ்கட் வகைகளையே உண்டார், ஆனால் நாளுக்கு 1,800 கலோரிக்குள் நின்றுகொண்டார். ஏறத்தாழ 12 கிலோ குறைந்தது. கெட்ட கொலஸ்ட்ரோலும் இறங்கியது. அதற்காக அந்தச் சாப்பாடு நல்லது என்று ஆகிவிடாது. அவர் சத்து மாத்திரையும் புரதப் பானமும் கொஞ்சம் மரக்கறியும் சேர்த்துக்கொண்டார், பிறருக்கு அதைப் பரிந்துரைக்கவும் இல்லை. எடை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், கலோரிக் கணக்கே தீர்ப்புச் சொல்கிறது என்பதற்கு அது சான்று.

அப்படியானால் துரித உணவு உண்பவர்களுக்கு எடை ஏன் ஏறுகிறது? கணக்கு நம் கையை மீறிப் போகும்படி அந்த உணவுகள் அமைந்திருப்பதால். இதைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹோலும் அவருடைய குழுவினரும் 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரங்கள் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரங்கள் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டியதை வேண்டிய மட்டும் உண்ணலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கியது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை, யாரும் பேராசைக்காரரும் இல்லை. அந்த உணவை அவர்கள் வேகமாக உண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

அந்த வேகம் ஏன் முக்கியம்? வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு இரண்டு வழிகளில் போகிறது. இரைப்பை விரியும்போது வேகசு நரம்பு உடனே சொல்கிறது. உணவு சிறுகுடலை எட்டியதும் அங்கிருந்து ஜி.எல்.பி-1 போன்ற ஓமோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. (இன்று உலகெங்கும் பேசப்படும் செமக்லூடைட் ஊசி மருந்து, இந்த ஜி.எல்.பி-1இன் வேலையையே பல நாட்களுக்கு நீட்டித்துச் செய்கிறது.) இரண்டாவது செய்தி முழுமையாகச் சேர 15, 20 நிமிடங்கள் வரை ஆகலாம். முதல் செய்தியோ கலோரியை அளப்பதில்லை, கன அளவையே அளக்கிறது. ஆகவே சிறிய அளவில் கலோரி நிறைந்த உணவு முதல் வழியை ஏமாற்றுகிறது. மெல்லாமல் இறங்கும் உணவு இரண்டாவது வழியை முந்திக்கொள்கிறது.

கொத்து ரொட்டி ஆலை உணவு இல்லை. ஆனால் இந்த இரண்டையும் அது திறமையாகச் செய்கிறது. ரொட்டி, இறைச்சி, முட்டை, லீக்ஸ், கரட் எல்லாவற்றையும் இரும்புத் தகடுகள் ஏற்கெனவே சிறுசிறு துண்டாக்கிவிடுகின்றன. பல் செய்ய வேண்டிய வேலை தட்டிலேயே முடிந்துவிடுகிறது. மேலே ஊற்றும் குழம்பு மீதியையும் இலகுவாக்குகிறது. அதன் உடல் கோதுமை மா. திருகோணமலைச் சீனன்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிறிமா ஆலை நம் ஊரையே நாட்டின் கோதுமை மாவுக்கு ஒரு தலைவாசலாக்கியது. வெள்ளை மாவை அரைக்கும்போது தவிடு போய்விடுகிறது, அதோடு நார்ச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. மிச்சம் விரைவில் செரிக்கும் மாப்பொருள்.

ஒரு கோழிக் கொத்துப் பார்சலைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடைக்குக் கடை இது மாறும். ரொட்டியில் 150 கிராம் மா இருந்தால் 540 கலோரி. மாவில் பிசைந்ததும் தட்டில் ஊற்றியதுமாக மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 360. ஒரு முட்டை 70, கோழித் துண்டுகள் 150, தேங்காய்ப் பால் சேர்ந்த குழம்பு 100. மரக்கறி முழுவதும் சேர்ந்து 30தான். கூட்டினால் 1,250. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி அளவில் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைய அவர் 1,600இல் நிற்க வேண்டும். முழுப் பார்சலையும் இரவில் தனியாக உண்டால், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது 350. அது நடக்காத காரியம்.

ஆனால் கொத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பல துரித உணவுகளுக்கு இல்லாத நன்மை அது: நம் கண் முன்னால், நாம் சொன்ன பிறகுதான் அது தயாராகிறது. பெட்டியில் வரும் பர்கரிடம் எதுவும் பேச முடியாது. கொத்துப் போடுபவரை அண்ணா என்றோ நானா என்றோ அழைத்து, “ரொட்டியைப் பாதியாகக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள், முட்டை இரண்டு போடுங்கள், எண்ணெயை அளவாக விடுங்கள், குழம்பைத் தனியாகக் கட்டுங்கள்” என்று கேட்கலாம். மறுப்பவர்கள் குறைவு. மா 75 கிராமாகக் குறைந்தால் 270, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி 180, இரண்டு முட்டை 140, சற்றுக் கூடுதலாகக் கோழி 200, இரட்டிப்பு மரக்கறி 60, கொஞ்சம் குழம்பு 30. மொத்தம் 880. தட்டில் அளவு குறைந்ததாகத் தெரியாது, ஏனென்றால் போன ரொட்டியின் இடத்தைக் கோவாவும் லீக்ஸும் நிரப்பியிருக்கும். அதை வீட்டில் இன்னொருவருடன் பகிர்ந்து, பக்கத்தில் வல்லாரைச் சம்பலும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடு 500 கலோரியைச் சுற்றி முடிகிறது. சீஸ் கொத்து மட்டும் இந்தத் திருத்தத்துக்குள் அடங்காது. மேலே போடும் 30 கிராம் சீஸ் தனியாகவே 100 கலோரிக்கு மேல்.

முட்டையையும் கோழியையும் கூட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. கொழுப்புக்கு அது 3 சதவீதத்துக்குள். எடை குறையும் காலத்தில் தசை கரையாமல் காப்பதும் புரதம்தான். பசியடக்குவதிலும் அது முன்னே நிற்கிறது. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, எது எவ்வளவு தூரம் பசியை ஆற்றுகிறது என்று அளந்தார். வெள்ளைப் பாணுக்கு 100 என்றால் மீனுக்கு 225. அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று எல்லாவற்றையும் முந்தியது. அதே கிழங்கு பொரிக்கப்பட்டபோது 116க்கு இறங்கியது. பாரை, சூரை, அறக்குளா என்று காலையிலேயே பசுமையாகக் கரைக்கு வரும் ஊரில் இருக்கிறோம். எடை குறைப்பதற்கு வெளிநாட்டுப் புரத மாவைத் தேடி அலைபவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

பொரியலில் என்னதான் நடக்கிறது? சூடான எண்ணெய்க்குள் ரோல்ஸ் விழுந்ததும் அதன் மேல்தோலிலுள்ள நீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. குமிழி எழுவது அதனால்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். தாச்சியிலிருந்து வெளியே எடுத்த பிறகே ஆபத்து. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, காலியான நுண்துளைகள் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. உணவு குடிக்கும் எண்ணெயின் பெரும்பகுதி இப்படிக் குளிரும்போதுதான் ஏறுகிறது. ஆகவே எடுத்தவுடனேயே வடிகட்டிக் கம்பித் தட்டில் வைப்பது, ஆறிய பிறகு தாளில் ஒற்றுவதைவிடப் பயன் தரும். எண்ணெய் போதிய சூடில்லாமல் பொரித்தால் மேல்தோல் விரைவில் இறுகாது, எண்ணெய் கூடுதலாகச் சேரும். ரோல்ஸின் மேல் பூசிய பாண் தூள் அதற்கு இன்னும் வழிவிடுகிறது. இறால் வடை வாங்குபவர், அப்போதே தாச்சியிலிருந்து எடுத்து நன்றாக வடித்ததாகப் பார்த்து ஒன்று உண்ணலாம். கறுத்துப் போன எண்ணெயில் மீண்டும் மீண்டும் பொரிக்கும் கடையைத் தவிர்ப்பது எடைக்காக இல்லாவிட்டாலும் இதயத்துக்காக அவசியம்.

குளிர்பானத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். திரவமாக வரும் சீனியை நிறைவு உணர்வு கிட்டத்தட்டக் கவனிப்பதே இல்லை. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 450 கலோரியை ஜெலி மிட்டாயாக உண்டவர்கள் தங்களை அறியாமலே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். அதே 450 கலோரியைச் சோடாவாகக் குடித்தவர்கள் குறைக்கவில்லை. 2016இல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாயிற்று: அந்த விதியில், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் 160 கலோரி. கொத்தைத் திருத்தி மிச்சப்படுத்தியதில் கிட்டத்தட்டப் பாதியை அது விழுங்கிவிடும். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டி கொத்துக்கு எவ்வளவோ மேலான துணை.

இனி, பலரைத் தோற்கடிக்கும் அந்த மறுநாள் காலை. தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பாக இருக்கவே முடியாது. ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும், அதாவது ஆறு பார்சல் கொத்து, அதுவும் நாளாந்தச் சாப்பாட்டுக்கு மேலதிகமாக. தராசு காட்டியது பெரும்பாலும் தண்ணீர். கடை உணவிலுள்ள உப்பைச் சமப்படுத்த உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. மாப்பொருள் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமுடனும் 3 கிராம் அளவுக்கு நீரையும் சேர்த்துக்கொள்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் அது வடிந்துவிடும். இதைத் தெரியாமல் ஒரே இரவில் எல்லாம் பாழாயிற்று என்று நம்பி முயற்சியைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர்! நாளாந்த எடையைப் பார்த்துக் கலங்காமல் வாரச் சராசரியைப் பாருங்கள். கலோரிக் கணக்கையும் வாரத்துக்கே போடுங்கள். 1,600 வீதம் ஏழு நாளுக்கு 11,200. அதற்குள் கொத்துக்கு ஒரு நாள் தாராளமாக இடமுண்டு, திருத்திய கொத்தென்றால் இரண்டு நாளும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் கணக்கு இடித்தாலும் இடிக்காவிட்டாலும் உப்பு இடிக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது.

நடந்து கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தால் 250 கலோரிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். முழுக் கொத்தைக் கரைக்க நகரத்திலிருந்து நிலாவெளி வரை நடந்து, திரும்பும் வழியில் பாதியையும் கடக்க வேண்டும். நடை உடலுக்கு மிக நல்லது, இறங்கிய எடை மீண்டும் ஏறாமல் காக்கவும் உதவுகிறது. சாப்பாட்டுக்கான அபராதமாக அதை ஆக்க வேண்டாம்.

முழுத் தடை ஏன் தோற்கிறது என்பதற்கும் முன்பு சொன்ன கெவின் ஹோலின் கணக்குகளில் விடை இருக்கிறது. நாளாந்த உணவில் செய்யும் ஒரு மாற்றத்தால் இறங்கக்கூடிய எடையில் பாதி இறங்கவே ஓராண்டளவு ஆகிறது, ஏறத்தாழ முழுமையாக இறங்க மூன்று ஆண்டளவு. எடை இறங்க இறங்க உடலின் செலவும் குறைவதே காரணம். மூன்று ஆண்டுகளுக்குள் எத்தனை தைப்பொங்கல், எத்தனை பெருநாள், எத்தனை பிறந்தநாள் வரும், நண்பர்கள் எத்தனை முறை கடைக்கு அழைப்பார்கள்! அவ்வளவு காலமும் கொத்தே தொடமாட்டேன் என்பது பெரும்பாலானவர்களால் காக்க முடியாத வாக்குறுதி.

தெற்காசியர்களான நமக்கு மெலிந்த தோற்றத்திலேயே வயிற்றினுள் கொழுப்பு சேர்ந்துவிடும் இயல்பு இருப்பதால், உடற்திணிவுச் சுட்டி (கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மளமளவென்று குறைத்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் தங்கள் கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டு மருந்தளவைச் சரிசெய்துகொண்ட பிறகே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.