கரடிக்குத் தெரியும், நீங்கள் உள்ளே இருப்பது

பின்லாந்தின் கிழக்கெல்லைக் காடுகளில், ஆளுயரம்கூட இல்லாத மரக்குடிலுக்குள் இரவெல்லாம் உட்கார்ந்து பழுப்புக் கரடியைப் படமெடுக்கிறார்கள். போகிறவர்களில் பலர், கரடியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அதன் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தாலே அந்த நினைப்பு போய்விடும். குடில் வரை மனிதர்கள் நடந்த தடம் இருக்கிறது, கதவில் கைபட்ட வாசனை இருக்கிறது. உள்ளே ஆள் இருப்பது கரடிக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

குஹ்மோ, சுவோமுஸ்ஸால்மி ஆகிய ஊர்களை ஒட்டிய காடுகள் இதற்குப் பேர்போனவை. பைன் மரங்கள், நடுநடுவே சதுப்புவெளி, சற்றுத் தள்ளி ரஷ்ய எல்லை. மாலை நாலைந்து மணிக்குக் குடிலுக்குள் போனால் மறுநாள் காலைதான் வெளியே வரலாம். நடுவில் எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்கக் கூடாது. படுக்கையும் கழிப்பறை வாளியும் உள்ளேயே உண்டு. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கெடுபிடி எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: மனிதனை மாறாத ஒரு பொருளாக ஆக்குவது. தீங்கும் செய்யாத, பலனும் தராத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால், விலங்கின் மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. உயிரியலில் இதைப் பழக்கமடைதல் என்பார்கள். நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும் குடில், நேற்று வந்த வாசனையே இன்றும் வரும் திசை, அதே நேரம், அதே பாதை என்றால் கரடி அதைக் காட்டின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறது. ஒருவர் வெளியே வந்து நின்றால் போதும், அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

வாசனையை ஒழிக்க முடியாது, ஆனால் திசைதிருப்பலாம். சில குடில்களில் உள்காற்றைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட நீண்ட குழாய் வைக்கிறார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் சதுப்புநிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு படிந்து கிடக்கும். அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்துகொள்ள, இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலே விட்ட வாசனையில் பெரும்பகுதி மேலேயே போய்விடும், கரடியின் மூக்கோ கீழே இருக்கிறது. இதனால்தான் அத்தரும் வாசனைச் சோப்பும் வேண்டாம் என்கிறார்கள். பழகிய வாசனையைவிடப் புதிய வாசனைதான் கரடியை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

ஓசையிலும் இதே கதைதான். மரத்தரையில் பூட்ஸ் காலை ஊன்றினால் குடில் முழுவதும் ஒலிப்பெட்டியாக அதிரும் என்பதால் பல குடில்களில் தரைக்குக் கம்பளம் விரித்திருக்கும். சிப்ஸ் பாக்கெட்டும் பையின் ஜிப்பும் கேமராவைவிட மோசம். கண்ணாடி மேலெழும் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களின் 'சடக்' ஒலி ஒருகாலத்தில் பெரிய தலைவலி. அந்தக் கண்ணாடியே இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் ஓசையே இல்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வந்துவிட்டது. அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் வேகமாக ஓடும் பொருள் படத்தில் சாய்ந்து தெரியக்கூடும். மெல்ல நடக்கும் கரடிக்கு அந்தக் கவலை இல்லை.

பறவைகளைப் படமெடுக்கும் குடில்களில் ஒருவழிக் கண்ணாடி பிரபலம். அதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி மீதியை உள்ளே விடுகிறது. வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருக்கும்வரை, வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பிரதிபலிப்பு மட்டுமே தெரியும். அந்தி மங்க மங்க இந்தச் சாதகம் கரைகிறது. உள்ளே ஒரு செல்போன் திரை ஒளிர்ந்தாலே முகம் தெரிந்துவிடும். தவிர, பாதி ஒளியைக் கண்ணாடியே தின்றுவிட்டால் அரையிருட்டில் படமெடுப்பவருக்கு என்ன மிஞ்சும்? அதனால் கரடிக் குடில்களில் பெரும்பாலும் துளையில் தைத்த துணிக்குழாய்க்குள் லென்ஸை நுழைத்து வைக்கும் ஏற்பாடுதான். லென்ஸைச் சடாரென்று திருப்பாதவரை கரடி அதைக் கண்டுகொள்வதில்லை.

அந்த அரையிருட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குஹ்மோ ஏறத்தாழ 64 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் பிற்பகுதியில் சூரியன் மறைந்தாலும் தொடுவானுக்குக் கீழே இரண்டரை டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். கடிகாரம் இரவு ஒரு மணி காட்டும்போதும் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்க முடிவது இதனால்தான். ஆனால் வெளிச்சம் மிகக் குறைவு. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம். எஃப் 5.6 லென்ஸில் நூறில் ஒரு பங்கு நொடி தேவைப்படும் இடத்தில், எஃப் 2.8 லென்ஸ் நானூறில் ஒரு பங்கு நொடியில் முடித்துவிடும். நான்கு மடங்கு ஒளி என்பது, கரடி தலையைத் திருப்பும்போது கிடைக்கும் கூர்மைக்கும் குழைந்த பிம்பத்துக்கும் உள்ள வித்தியாசம். இதற்கும் விலை உண்டு. 400 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து 30 மீட்டர் தொலைவில் குவித்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மூக்கும் கண்ணும் தெளிவாக இருந்தால் பின்புறம் மங்கிவிடும்.

கரடியின் ரோமம் இன்னொரு தொல்லை. எதிரே இருப்பது சராசரிச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. கரும்பழுப்புக் கரடி சட்டகத்தை நிறைத்தால், ஏதோ குறைகிறதென்று அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கரடி வெளிறிப்போகும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைக்க வேண்டும். அதே கரடி பனிமூட்டத்தின் முன்னே தூரத்தில் நின்றால் நேர்மாறு: கூட்டாவிட்டால் கரிய நிழலுருவம்தான் கிடைக்கும். குறைந்த ஒளிக்காகக் கேமராவின் உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும்போது படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகளும் ரோமத்தில்தான் முதலில் தலைகாட்டும். கேமரா உணரியின் ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் அந்த எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம். 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது பத்து சதவீதம். கருமை என்றாலே துகள்கள் குறைவு. விலையுயர்ந்த கேமராவாலும் தப்பிக்க முடியாத கணக்கு இது.

விடியற்காலையில் எடுத்த படமெல்லாம் ஏனோ குழைந்திருக்கிறது என்று லென்ஸைத் திட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றவாளி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உடல்சூடுதான். வெதுவெதுப்பான காற்று துளை வழியே கசிந்து, லென்ஸின் முன்னே குளிர்காற்றோடு கலந்து நெளிகிறது. கோடையில் தார்ச்சாலைமேல் தெரியும் கானல், இங்கே லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் நடக்கிறது. துணிக்குழாயை லென்ஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

குடிலுக்கு முன்னே எந்தக் கரடி எப்போது வரும் என்பதைக் கரடிச் சமூகம் தீர்மானிக்கிறது. மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை இனச்சேர்க்கைக் காலம். குட்டிகளை இழந்த தாய் விரைவில் மீண்டும் இணைசேரத் தயாராகிவிடும் என்பதால், ஆண் கரடிகள் குட்டிகளைக் கொல்வது ஸ்காண்டிநேவியாவில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 200 கிலோவைத் தாண்டிய ஆண் ஒன்று காட்டோரம் தெரிந்ததும் குட்டிகள் விறுவிறுவென்று பைன் மரத்தில் ஏறிவிடும். படத்தில் விளையாட்டாகத் தெரிகிற அந்தக் காட்சிக்குப் பின்னால் இருப்பது உயிர்பயம். தாயின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்தால், அடுத்து வரப்போகும் கரடி எந்தத் திசையில் இருக்கிறது என்பது முன்கூட்டியே பிடிபடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கரடியை வரவழைக்க வைக்கும் இரையை மறைத்தால் நேர்மையாகாது. கரடிகள் குடிலுக்கு முன்னே வருவது சால்மன் மீன் கழிவுக்காகவும் இறைச்சிக்காகவும் நாய்த்தீனிக்காகவும்தான். கல்லிடுக்கிலும் வேரடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்து வைப்பார்கள். கரடி தேடித் தின்ன நேரமாகும், படத்திலும் இரை தெரியாது. நம் பக்கத்திலும் இதற்கு உறவுமுறை உண்டு: ஹம்பிக்கு அருகே உள்ள தரோஜி சரணாலயத்தில் பாறைகளில் இனிப்புக் கலவையைப் பூசி வைக்க, தேன்கரடிகள் வந்து நக்கும், பார்வையாளர்கள் தொலைவிலிருந்து பார்ப்பார்கள். இரை போட்டு எடுத்த படத்தை 'காட்டில் தற்செயலாகச் சந்தித்தேன்' என்ற தொனியில் போடுவது எனக்குப் பிடிக்காது. அதைவிட முக்கியம், கரடி எதோடு எதை முடிச்சுப் போடுகிறது என்பது. உணவை இடத்தோடு சேர்த்துக்கொண்டால் ஆபத்து குறைவு. மனிதனோடு சேர்த்துக்கொண்டால், அடுத்த முறை அது ஆளைத் தேடி வரும்.

அலாஸ்காவின் மெக்னீல் ஆற்றில் குடிலும் கிடையாது, இரையும் கிடையாது. 1973 முதல் அங்கே அனுமதிச்சீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. குலுக்கலில் தேர்வானவர்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர்வரை மட்டும், துப்பாக்கி ஏந்திய வனவிலங்குத் துறை ஊழியரோடு அருவிக்கரைக்கு நடந்து போகிறார்கள். தினமும் அதே பாதை, அதே கூழாங்கல் திட்டு. சால்மன் ஏறும் காலத்தில் சில மீட்டர் தள்ளியே கரடிகள் கடந்து போகும். சீட்டு முறை வந்ததிலிருந்து அங்கே யாரையும் கரடி காயப்படுத்தியதில்லை. அந்தச் சரணாலயத்தில் கரடி வேட்டை கிடையாது. பின்லாந்தில் உண்டு, வழக்கமாக ஆகஸ்ட் 20-இல் தொடங்கும். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று கற்றுக்கொண்ட கரடிகள் வாழும் காடு அது. பலகைச் சுவர் அங்கேதான் தேவைப்படுகிறது.